பெங்களூர் கொடுத்த செயலகம்

1986 நவம்பர் 16, 17 தேதிகளில் பெங்களூரில் கூடிய, தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பின் இரண்டாவது உச்சி மாநாட்டைத் தமிழர்கள் நினைவில் வைத்திருப்பது விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனுக்காகத்தான். அவரைச் சென்னையிலிருந்து விமானத்தில் அழைத்து வந்தார்கள், எம்.ஜி.ஆரும் வந்தார், மத்திய அமைச்சர்கள் நட்வர் சிங்கும் ப. சிதம்பரமும் பேசிப் பார்த்தார்கள். இலங்கையின் கிழக்கு மாகாணத்தை மூன்றாகப் பிரிக்கும் அதிபர் ஜெயவர்த்தனாவின் யோசனையைப் புலிகள் ஏற்கவில்லை. இவற்றில் எதுவும் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இல்லை. இருக்கவும் முடியாது. முந்தைய ஆண்டு டாக்காவில் கையெழுத்தான சாசனத்தின் பத்தாவது பிரிவு, எல்லா முடிவுகளும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரியவையும் பேச்சிலேயே வரக்கூடாது என்று கதவைச் சாத்தியிருந்தது. மண்டபத்துக்குள் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பரிமாற்றம், சுற்றுலா, மாணவர் உதவித்தொகை. உயிர் போகும் விவகாரமெல்லாம் பக்கத்து அறைகளில். பிராந்திய ஒத்துழைப்பு அமைப்பு என்று பெயர் வைத்துவிட்டு, அதன் கனமான வேலையைத் தலைவர்களின் தனிப்பட்ட சந்திப்புகளுக்கு விட்டுவிடும் வழக்கம் இங்கேயே தெரிந்துவிட்டது.

அதே மாநாட்டில்தான் சார்க் செயலகத்துக்கான ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1987 ஜனவரியில் காத்மாண்டுவில் அலுவலகம் திறந்தது. வங்கதேசத்தின் அபுல் அஹ்சன் முதல் பொதுச்செயலாளர். ஆனால் அந்தப் பதவி முறைவைத்து வருவது. கூட்டங்களை நடத்தலாம், முடிவுகளை ஒருங்கிணைக்கலாம், யாரையும் கேள்வி கேட்க முடியாது. 2011இல் பதவியேற்ற மாலத்தீவின் பாத்திமத் தியானா சயீத், அப்பதவிக்கு வந்த முதல் பெண். சொந்த நாட்டில் ஒரு நீதிபதி கைதுசெய்யப்பட்டதைக் கண்டித்த அவர், 2012 ஜனவரியில் பதவி விலக வேண்டியதாயிற்று.

ஐரோப்பாவிலும் தனிமனிதர்கள்தானே அமைப்பை நகர்த்தினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். 1985இல் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரான ஜாக் தெலோர், பத்தாண்டுகளில் ஒற்றைச் சந்தையையும் பொது நாணயத்துக்கான பாதையையும் முன்னே தள்ளினார். ஆனால் சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் உரிமை அவருடைய நாற்காலிக்கு இருந்தது. அவருடைய ஆளுமை அதன் மேல் ஏறி நின்றது. சார்க்கில் நாற்காலி காலி. பலம் முழுவதும் தலைவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது. விருந்தாளி புறப்படும்போது அதுவும் கூடவே புறப்பட்டுவிடும்.

இன்னொரு மறுப்பு கனமானது: தலைவர்களின் அந்தத் தனிப்பட்ட சந்திப்புகளால் நன்மையே விளையவில்லையா? விளைந்தது. 1988 டிசம்பரில் இஸ்லாமாபாத் மாநாட்டுக்குப் போன இந்தியப் பிரதமர் ராஜீவ், ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று பாகிஸ்தான் பிரதமர் பெனசீருடன் ஒப்பந்தம் செய்தார். மாநாடு இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்குச் சாக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் சாக்குக்கு ஒரு விலை உண்டு. மனிதர் வராவிட்டால் எல்லாமே நின்றுவிடும். இலங்கையில் இந்திய அமைதிப்படை இருக்கும்வரை மாநாடு நடத்த மாட்டேன் என்று அந்நாட்டு அதிபர் பிரேமதாசா சொன்னதும் 1989ஆம் ஆண்டுக் கொழும்பு மாநாடு நடக்கவில்லை. 1991இல் பூட்டான் மன்னர் வர இயலாததால் நாள் தள்ளிப்போனது. காஷ்மீரின் ஊரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு 2016 இஸ்லாமாபாத் மாநாடும் கைவிடப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிற அந்த அமைப்பு, உச்சி மாநாடாகக் கடைசியாகக் கூடியது 2014 நவம்பரில், காத்மாண்டுவில். பெங்களூர்க் கையெழுத்தில் பிறந்த செயலகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. மாநாட்டைக் கூட்டும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை.