மோட்டார் வண்டி மெத்தையின் வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர். வேகம், குதிரைவலு, எண்ணெய்ச் செலவு ஆகியவை பற்றிய செய்திகள் நூல்களில் நிறைந்து கிடக்கின்றன. மனிதன் அமர்ந்து செல்லும் மெத்தையைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் காண்பதரிது. ஆயினும் ஒரு வண்டி எத்தனை ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் கையில் நிலைக்கும் என்பதில் மெத்தைக்கும் பெரும் பங்குண்டு. அதைச் சாதாரண மனிதர் தம் வீட்டிலேயே பிரித்து, மாற்றி, மீண்டும் தைத்துக்கொள்ள இயன்ற காலம் ஒன்றிருந்தது. அக்காலம் எவ்வாறு தோன்றியது, ஏன் ஒடுங்கி வருகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1886ஆம் ஆண்டில் யேர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியை நோக்குவோர், அதன் இருக்கை குதிரை வண்டியின் இருக்கையே என்பதை உடனே உணர்வர். இயந்திரம் புதிது, இருக்கையோ பழையது. குதிரை வண்டிகளுக்கு மெத்தை கட்டிய கைவினைஞர்களே முதன் மோட்டார்களுக்கும் மெத்தை கட்டினர். மரச்சட்டத்தின் மீது பட்டைத் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் கம்பிச் சுருள்களை நிறுத்தி, சாக்குத் துணியால் மூடி, குதிரை மயிரைப் பரப்பி, பஞ்சு விரித்து, ஈற்றில் தோலைப் போர்த்துத் தைத்தனர். இடையிடையே பொத்தான்களை வைத்து இறுக்கியமை அழகுக்காக மட்டுமன்று. உள்ளிருக்கும் மயிர் ஒருபுறமாக ஒதுங்கிவிடாது காப்பதும் அப்பொத்தான்களின் பணியாகும்.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனின், அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது அடுக்கடுக்காகவே அவிழ்க்கவும் படும். தோல் கிழிந்தால் தோலை மாற்றலாம். மயிர் அமிழ்ந்தால் அதனை வெளியே எடுத்து உலர்த்தி, கோதி, மீண்டும் நிரப்பலாம். ஊசியும் நூலும் சிறு ஆணிகளும் ஒரு சுத்தியலும் பொறுமையும் போதும்.

மோட்டார் பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கியதும் தோலுக்குப் பஞ்சம் உண்டாயிற்று. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் போட் கம்பனி உற்பத்தி செய்த புகழ்பெற்ற 'ரி' மாதிரி வண்டி ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டது. அத்தனை வண்டிகளுக்கும் அசல் தோல் தருவது எளிதன்று. ஆகவே செயற்கைத் தோல் அரங்கேறிற்று. பருத்தித் துணியின் மீது நைத்திரோசெலுலோசு என்னும் பொருளை ஆமணக்கெண்ணெயுடனும் சாயத்துடனும் கலந்து பூசி, தோலின் வரிகளை அதன்மேல் அழுத்திப் பதித்தனர். புகையற்ற வெடிமருந்துக்கு மூலமாவதும் இதே பொருளே. அமெரிக்க வெடிமருந்து நிறுவனமான டூ பொன், 1910இல் இத்தகைய துணி செய்யும் கம்பனியொன்றை விலைக்கு வாங்கியமை இத்தொடர்பினாலேயே. இங்கிலாந்தில் மன்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள ஹைட் என்னும் ஊரில் செய்யப்பட்ட இவ்வகைத் துணியின் வணிகப் பெயர் 'றெக்சின்'. இரண்டாம் உலகப் போரின் பின் நைத்திரோசெலுலோசின் இடத்தைப் பீ.வீ.சீ. பிடித்துக்கொண்டது. பொருள் மாறிற்று, பெயர் மாறவில்லை. இன்றும் தமிழர் செயற்கைத் தோல் அனைத்தையும் றெக்சின் என்றே வழங்குகின்றனர்.

உறை இவ்வாறு மாற, உள்ளடக்கமும் மாறியது. இம்மாற்றத்தில் இலங்கைக்கும் தொடர்புண்டு. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவிலே முளைக்க வைக்கப்பட்டு, அக்கன்றுகள் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. கிழக்கு நாடுகளின் இறப்பர்த் தோட்டங்கள் தழைத்ததனாலேயே இறப்பர்ப் பால் மலிவாகக் கிடைத்தது. 1929ஆம் ஆண்டளவில் பேமிங்காமிலுள்ள டன்லொப் ஆய்வுகூடத்தில், முட்டையை அடிப்பது போல இறப்பர்ப் பாலை நுரைபொங்க அடித்து, அந்நுரையை அச்சில் வார்த்து உறையச் செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. குதிரை மயிரும் சுருட்கம்பியும் செய்த வேலையை ஒரே நுரைக் கட்டி செய்யத் தொடங்கியது.

தென்னந்தும்பின் கதையும் இதனோடு சேர்த்துக் கூறத்தக்கது. இலங்கையின் கபிலநிறத் தும்பு தூரிகைக்கு உதவும் நீள்தும்பு என்றும், திணிப்பதற்கு உதவும் மெத்தைத் தும்பு என்றும் தரம் பிரிக்கப்பட்டு ஏற்றுமதியானது. முறுக்கிச் சுருள வைத்த தும்பின்மீது இறப்பர்ப் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடாக்கினால் காற்றோட்டமுள்ள உறுதியான திண்டு கிடைக்கும். யேர்மனியின் வொக்ஸ்வாகன் 'வண்டு' வண்டியின் இருக்கைகளில் தென்னந்தும்புத் திண்டுகள் இருந்தமை பலரும் அறிந்ததே. இத்திண்டு வியர்வையைத் தேக்கி வைப்பதில்லை. வெப்ப நாடுகளில் வாழ்வோர் இதன் அருமையை நன்குணர்வர்.

இனி, இந்நாட்டின் வீடுகளில் நிகழ்ந்ததைக் காண்போம். 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ 40 வகைகளும் இலங்கையின் நடுத்தரக் குடும்பங்களின் வண்டிகளாயின. 1960களில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி முற்றியதும் மோட்டார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய வண்டி என்பது பெரும்பாலோர்க்குக் கனவாகவே இருந்தது. இருக்கும் வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. குடாநாட்டிலோ இந்நிலை இன்னும் நீண்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் சில துளி பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயில் ஓடின. வயது முதிர்ந்த அவ்வண்டிகள் நோயாளரையும் பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தன.

அக்கால மெத்தைகள் இத்தகைய பேணலுக்கு இடந்தந்தன. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளைக் கழற்றினால் அது வெளியே வந்துவிடும். உறையைச் சட்டத்தோடு பற்றியிருக்கும் கம்பி வளையங்களைக் குறட்டினால் வெட்டி, உறையை முழுமையாகக் கழற்றலாம். அனுபவமுள்ளோர் கிழிந்த உறையை எறிந்துவிடுவதில்லை. தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளுக்கு எண்ணிட்டு, புதுத் துணியின்மேல் அவற்றையே மாதிரியாக வைத்துச் சுண்ணக்கட்டியால் வரைந்து வெட்டுவர். பழைய உறையே புதிய உறைக்கு ஆசிரியனாகின்றது. பருத்தி நூல் ஈரத்தில் உக்கிப்போகுமாதலால் நைலோன் நூலைக் கைக்கொள்வது நன்று. வீட்டுத் தையல் இயந்திரத்திலும் பதினாறாம் அல்லது பதினெட்டாம் இலக்கத் தடித்த ஊசியைப் பூட்டி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் இரு மடிப்பு றெக்சினைத் தைக்க இயலும். தைத்த உறையைச் சிறிது நேரம் வெயிலில் விரித்து, அது இளகியதும் இழுத்துப் போர்த்தினால் சுருக்கமின்றி அமையும். பட்டினத்துக் கடைகளில் இது தனித்தொழிலாக நடந்தபோதிலும், சட்டை தைக்கத் தெரிந்த வீட்டுக்கு இஃது எட்டாத வித்தையன்று.

இந்நிலை ஏன் மாறிற்று? பேராசை பிடித்த உற்பத்தியாளர் மக்கள் கையினின்றும் தொழிலைப் பறித்தனர் என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் ஒரு பகுதி உண்மையிருக்கலாம், முழுவதும் உண்மையன்று. 1937இல் யேர்மனியில் ஒற்றோ பேயர் குழுவினர் கண்ட பொலியூரித்தேன், 1950களில் மென்னுரையாகச் சந்தைக்கு வந்து, இறப்பர் நுரையையும் தும்பையும் பின்தள்ளியது. அச்சில் வார்க்கப்படும் இந்நுரையோடு உறையையும் ஒட்டியே சில இருக்கைகள் செய்யப்படுகின்றன. ஒட்டியதைப் பிரித்தல் தையலைப் பிரித்தல் போல எளிதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1972 முதல், வண்டியினுள் உள்ள துணி எத்துணை விரைவில் எரியலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுத்தது. 1990களின் நடுப்பகுதியில் வொல்வோ நிறுவனம் பக்கவாட்டு மோதலுக்கான காற்றுப்பையை முன்னிருக்கையின் பக்கத்திலேயே பொருத்தியது. மோதிய கணத்தில் அப்பை விரிவதற்கு வழிவிடும் வகையில் உறையின் தையல் அவ்விடத்தில் தெறிக்க வேண்டும். அத்தையலை வலிய நூலால் இறுகத் தைப்பவர், நல்லெண்ணத்தோடு ஓர் உயிர்க்காப்பை அடைத்துவிடுகின்றார்.

ஆதலால் இரு வகை வண்டிகளுக்கு இரு வகை நெறிகள் வேண்டப்படுகின்றன. இருக்கையின் ஓரத்தில் காற்றுப்பைக் குறியீடு காணப்படுமாயின், அதனைக் கழற்றுவதும் தைப்பதும் பயிற்சி பெற்றோரின் பணியாகும். அஃதில்லாத பழைய வண்டியின் மெத்தையோ இன்றும் வீட்டு ஊசிக்குப் பணியும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளும், பழையதைப் பேணும் அறிவு 1960களோடு காலாவதியாகிவிடவில்லை என்பதை இந்நாட்டவர்க்கு உணர்த்தின.

மெத்தை தைக்கும் கலை பெருங்கலைகளின் வரிசையில் வைத்தெண்ணப்படுவதில்லை. ஆயினும் தட்டுப்பாடு நிலவிய நாளில் ஒரு வண்டியை ஓடச் செய்தவர் இயந்திரம் திருத்தியவர் மட்டுமல்லர். அதில் ஒரு நோயாளி சாய்ந்து செல்லுமளவுக்கு அதன் மெத்தையைச் செப்பனிட்டவரும் ஆவர். அவர்தம் கைத்திறனைப் பார்த்தறிந்த முதியோர் இன்னும் பல ஊர்களில் உளர். இளைஞர் அவரிடம் கேட்டறிந்து, பழைய உறையொன்றைப் பிரித்துப் பார்ப்பாராயின், நூற்றாண்டு கடந்த ஒரு தொழிலின் படிகளைத் தம் கையாலேயே கற்றவராவர்.