துயர் ஆற்றுவோர்

உடலில் நோய் கண்டவர் மருத்துவரை நாடுதல் எங்கும் உள்ள வழக்கம். உற்றாரை இழந்து உள்ளம் நொந்தவர்க்கோ, 'காலம் ஆற்றும்' என்னும் ஒரு சொல்லையே நாம் மருந்தாகக் கொடுத்து வருகின்றோம். அச்சொல் போதுமா என்பதை வரலாறு கொண்டு ஆராய்வோம்.

1942-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்தது. 492 பேர் மாண்டனர். தப்பியோரையும் மாண்டாரின் சுற்றத்தாரையும் எரிக் லிண்டமன் என்னும் மனநோய் மருத்துவர் கண்டு பேசினார். இவர்களோடு துயருற்ற பிறரையும் சேர்த்து 101 பேரை ஆராய்ந்து, 1944-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருமூச்சு, தொண்டை அடைப்பு, உடற்சோர்வு, இறந்தவர் உருவமே கண்முன் நிற்றல், தம்மையே குற்றஞ்சாட்டிக் கொள்ளுதல் ஆகியவை பலரிடத்தும் ஒருபடித்தாய் இருந்தன. துயரை அடக்கி வைத்தார் சிலர்க்கு அது பின்னர் வேறு உருவில் வெளிப்பட்டது. துக்கம் என்பது செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. அதற்குத் துணை வேண்டும் என்றார் அவர். எட்டுப் பத்துச் சந்திப்புகளில் அதனைத் தீர்த்து விடலாம் என்று அவர் நம்பியது மிகையென்று பின்வந்தோர் உணர்ந்தனர். துணை வேண்டும் என்றதோ நிலைத்தது.

அத்துணை எங்கே கிடைத்தல் வேண்டும்? 1948-இல் லிண்டமன் பாஸ்டனை அடுத்த வெல்லெஸ்லி என்னும் சிற்றூரில், ஊரார் நாடிவர ஒரு நிலையம் தொடங்கினார். 1959-இல் இங்கிலாந்தின் ரிச்மண்டில் மார்கரெட் டோரி அம்மையார் கைம்பெண்களுக்கென 'குரூஸ்' என்னும் சங்கத்தை நிறுவினார். 1967-இல் பாஸ்டனில் பில்லிஸ் சில்வர்மன் அம்மையார், கணவனை இழந்து தேறிய பெண்ணையே புதிதாய் இழந்தவளிடம் அனுப்பும் முறையைத் தொடங்கினார். மூன்றிலும் நாம் காணும் உண்மை ஒன்றே: ஆறுதல் அண்மையில் இருத்தல் வேண்டும்.

பாஸ்டன் எரிந்த அவ்வாண்டிலேதான் சயாம் பர்மா ரயில் பாதை வேலையும் தொடங்கிற்று. 1943 அக்டோபரில் அது முடிவதற்குள், நம் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காட்டிலே மாண்டனர். பிணமும் வரவில்லை; பலர்க்குச் செய்தியும் வரவில்லை. ஒப்பாரி வைத்து ஒருவரையொருவர் கட்டி அழுவது நம் பெண்டிரின் பழைய மருந்து. இறந்தானா இருக்கின்றானா என்று அறியாதவள் எந்நாளில் ஒப்பாரி வைப்பாள்? பெரட்டில் வராதவனைக் குறிக்கக் கிராணிமாராகிய நம்மிடம் கணக்குண்டு. அவனுக்காகக் காத்திருந்தவளின் நெஞ்சைக் குறிக்க எந்தக் கணக்கும் இருந்ததில்லை.

இன்று நிலை மாறியுள்ளது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு திங்களுக்கு மேலும், அவரவர் சமூக வழக்கின் அளவையும் கடந்து, அன்றாட வாழ்வை முடக்கும் துயரைத் தனியொரு நோயாகவே வகுத்துள்ளது. எல்லாத் துக்கமும் நோயன்று. பெரும்பாலோர் சுற்றத்தார் துணையால் தேறுவர். தேறாதார் உளவளத் துணையாளரை நாடுதல் இழிவன்று.

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, அத்தொழில் புரிவோர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆதலின் நாடுவோர் முதலில் பதிவு உண்டா என்று கேட்க; இழப்புத் துயரில் பழக்கம் உண்டா என்று கேட்க; நம் மொழியில் பேசுவாரா என்றும் கேட்க. அழுகை தாய்மொழியிலேதான் வரும். வழி தெரியாதவர் அரசாங்க மருந்தகத்து மருத்துவரிடமே முதலில் சொல்லலாம்.

அன்பர்களே, பட்டணத்தில் மட்டும் கிடைக்கும் ஆறுதல் தோட்டத்து லயத்துக்கு எட்டாது. கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம் தேடும் நம் சங்கங்கள், திங்களுக்கு ஒரு நாளேனும் துயர் ஆற்றுவார் ஒருவர் வந்து அமர ஓர் அறையும் இரண்டு நாற்காலியும் தேடித் தருதல் அரிதோ? 1943-இல் காத்திருந்தவர்க்கு நாம் செய்யக்கூடியது இனி ஒன்றுமில்லை. இன்று நம் அண்டை வீட்டில் அழுபவர்க்கு உண்டு.