கலெக்டர்: ஒரு இலத்தீன் சொல் தருமபுரிக்கு வந்த வரலாறு

தருமபுரி மாவட்டத்தில் எழுதப்படிக்கத் தெரியாதவரும் இயல்பாகப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'கலெக்டர்'. மாவட்ட ஆட்சியர் என்ற தமிழ்ப் பெயர் அரசு ஆவணங்களில் நிலைபெற்றுவிட்ட பின்னும், மனுவோடு பேருந்து ஏறுபவர் 'கலெக்டர் ஆபீஸ்' என்றுதான் சீட்டு கேட்கிறார். இச்சொல்லின் நேர்ப்பொருள் 'திரட்டுபவர்' என்பதாகும். திரட்டுபவர் எவ்வாறு ஆட்சியர் ஆனார் என்பதற்கான விடையில் தருமபுரிக்கும் ஒரு பங்கு உண்டு.

வேர்ச்சொல்

இலத்தீனில் 'லெகெரே' என்னும் வினைச்சொல்லுக்குப் பொறுக்குதல், கொய்தல் என்பன தொடக்கப் பொருள்கள். பிற்பாடு அதுவே படித்தல் என்ற பொருளையும் பெற்றது. சிதறிக் கிடப்பவற்றைப் பொறுக்கி எடுப்பது போல எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பதுதானே படிப்பு! தமிழிலும் சிறு குழந்தை 'எழுத்துக் கூட்டி' வாசிப்பதாகவே சொல்கிறோம். லெக்சர், லெசன், செலக்ட், எலக்‌ஷன் ஆகிய ஆங்கிலச் சொற்கள் யாவும் இவ்வேரிலிருந்து பிறந்தவையே.

'ஒன்றாக' என்னும் பொருள் தரும் முன்னொட்டு இவ்வினையோடு சேர்ந்தபோது 'கொல்லிகெரே', அதாவது ஒன்று திரட்டுதல், என்ற சொல் உருவாயிற்று. அதிலிருந்து வந்தவை கலெக்ட், கலெக்டர், கலெக்‌ஷன் என்பன. 'காலேஜ்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது என மாணவர்கள் எண்ணக்கூடும், அது சரியன்று. உடன் பணியாற்றுபவரைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் சொல்லே அதன் மூலம்.

ஒரே வேர், பல கிளைகள்

இலத்தீனின் வழித்தோன்றல்களான மொழிகளில் இச்சொல் இரு வழிகளில் வாழ்கிறது. ஒன்று, மக்கள் நாவில் தேய்ந்து வந்த வழி. பிரெஞ்சில் 'கேயீர்' என்றால் பூவோ பழமோ பறித்தல். இத்தாலியத்தில் 'கோல்யெரே', போர்த்துக்கீசியத்தில் 'கொல்யேர்' ஆகியவையும் அப்படியே. ஸ்பானியத்தில் 'கொஹேர்' என்பது பொதுவாக எடுத்தலையும் பிடித்தலையும் குறிக்கும். அம்மொழியில் அறுவடைக்குரிய 'கொசேச்சா' என்ற சொல்லும் இவ்வேரினதே. ஆங்கிலத்தின் 'காயில்', அதாவது சுருள், பழைய பிரெஞ்சு வடிவத்திலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கயிற்றைத் திரட்டி வைத்தால் அது சுருளாகிவிடுகிறது அல்லவா?

மற்றொன்று, கற்றோர் இலத்தீன் நூல்களிலிருந்து நேராக எடுத்துக்கொண்ட வழி. ஸ்பானிய 'கொலெக்டோர்' வரி திரட்டுபவரையும், பல கழிவுநீர்க் கால்வாய்கள் வந்து சேரும் பெருங்கால்வாயையும் குறிக்கும். பிரெஞ்சிலும் இந்தக் கழிவுநீர்ப் பொருள் உண்டு. இத்தாலியத்தில் மோட்டார் இயந்திரத்தின் புகைக்குழாய்த் தொகுப்புக்கும் இச்சொல்லே பெயர். ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வழியாக நுழைந்தபோது, வரிப்பணம் திரட்டுபவர் என்ற பொருளே முதன்மையாக இருந்தது. ஆனால் மாவட்டத்தை நிர்வகிப்பவர் என்ற பொருள் அன்று எம்மொழியிலும் இல்லை. அது இந்தியாவில் விளைந்தது.

பாராமகாலில் கலெக்டர்

1765இல் வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தன் வருவாய் அதிகாரிகளுக்குக் 'கலெக்டர்' எனப் பெயரிட்டது. வணிகக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது வரிப்பணம். ஆகவே பதவியின் பெயரும் அதையே சொன்னது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகள் இதில் அடங்கும். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இங்குக் கலெக்டராக நியமிக்கப்பட்டார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ, 1799 வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் தருமபுரியைத் தங்குமிடமாகக் கொண்டு பணியாற்றினார். நிலங்களை அளந்து, இடைத்தரகர் இன்றி உழவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை இப்பகுதியில்தான் உருப்பெறத் தொடங்கியது. ஒவ்வோர் உழவரின் நிலமும் விளைச்சலும் கணக்கில் ஏறியதால், வரி திரட்டுபவரே ஊரை நன்கு அறிந்தவராகவும் ஆனார். வரிச்சுமையும் அதே கணக்கின் வழியே ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் இறங்கியது.

அடுத்த மாற்றத்திலும் மன்றோவுக்குப் பங்குண்டு. அவருடைய பரிந்துரைகளின் வழியே, 1816ஆம் ஆண்டுச் சட்டங்களால் சென்னை மாகாணத்தில் மாஜிஸ்திரேட்டு அதிகாரமும் காவல்துறைப் பொறுப்பும் கலெக்டரிடம் வந்து சேர்ந்தன. பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. வரி திரட்டுபவர் ஆள்பவர் ஆனார். மன்றோ 1820 முதல் 1827இல் இறக்கும்வரை சென்னை ஆளுநராக இருந்தார்.

தமிழில்

'தண்டல்' என்பது வரி திரட்டுதலுக்குரிய பழந்தமிழ்ச் சொல். கலெக்டர் என்பதற்கு நேரான பெயர் 'தண்டலர்' என்றே அமைந்திருக்கும். ஆனால் தமிழ் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் பதவியை மொழிபெயர்த்து, 'ஆட்சியர்' என்றது. காவிரிக்கு அப்பால் கருநாடகத்தில் இதே பதவிக்கு ஆங்கிலத்தில் 'டெபுடி கமிஷனர்' என்று பெயர்.

கலெக்டருக்குக் கீழுள்ள 'தாசில்தார்' என்ற பெயரிலும் இதே கருத்து உண்டு. 'தஹ்சீல்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பெறுதல், திரட்டுதல் என்று பொருள். பாரசீகத்தில் அதற்குக் கல்வி கற்றல் என்ற பொருளும் உண்டு. தொடர்பில்லாத இரு மொழிக் குடும்பங்களில், திரட்டுதலும் கற்றலும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருக்கின்றன.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. இன்று திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருபவர்கள் பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் கேட்டு மனு கொடுக்கிறார்கள். அவர்கள் நாவில் 'கலெக்டர்' என்பதற்கு வாங்குபவர் என்ற பொருள் இல்லை. கேட்டால் கொடுக்கக் கூடியவர் என்பதே பொருள்.