'ஈ' என்னும் வினையும் இரப்போன் நிலையும்

தமிழர் கொடைபற்றி எழுதியோர் பெரும்பாலும் கொடுப்போனையே நோக்கினர். கடையெழு வள்ளல்கள் பற்றிய பெருமிதம் அந்நோக்கின் விளைவாகும். கேட்போனது வாய்மொழியிலிருந்து தொடங்குவோமாயின் வேறொரு சமுதாயச் சித்திரம் புலப்படும். அதற்கு 'ஈ' என்னும் வினைச்சொல் ஒன்றே போதிய சான்றாகும்.

தொல்காப்பிய எச்சவியல், ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரத்தற்பொருளில் வருமிடத்து, 'ஈ' என்பதைத் தாழ்ந்தவனுக்கும், 'தா' என்பதை ஒத்தவனுக்கும், 'கொடு' என்பதை உயர்ந்தவனுக்கும் உரியதாக வகுக்கின்றது. இங்குத் தரம் பிரிக்கப்படுவது கேட்கப்படும் பொருளன்று, கேட்கும் மனிதனே. உயர்ந்தவன் தனக்கென ஒன்றை இரக்க நேரின் யாது செய்வான்? படர்க்கைக்குரிய 'கொடு' என்பதையே, தன்னை வேறொருவன்போற் பாவித்து அவன் வழங்கலாம் என இலக்கணம் இடமளிக்கின்றது. இரத்தலின் நாணத்தை மறைக்க உயர்ந்தவனுக்கு ஒரு திரை உண்டு. தாழ்ந்தவனுக்கு அத்திரை இல்லை.

சங்கச் செய்யுள்கள் யாவும் இவ்விதியைப் பிழையறப் பின்பற்றின என்பதற்கில்லை. இலக்கணம் வழக்கை மட்டுமன்றி, வழக்கு எவ்வாறு அமைதல் வேண்டும் என்ற மேலோர் விருப்பத்தையும் பதிவுசெய்வதாகும். எனினும், வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய புறநானூற்று 204ஆம் செய்யுள் இவ்விடத்து நோக்கற்பாலது. இழிவெனப்படும் இரத்தலையும் அதனினும் இழிவான மறுத்தலையும் கூறுமிடத்துப் புலவர் 'ஈ' என்னும் வினையை ஆளுகின்றார். கேளாமலே வழங்கும் உயர்வைக் கூறுமிடத்து வினை 'கொடு' என மாறுகின்றது. பரிசில் பெறாதோர் தாம் புறப்பட்ட நேரத்தையும் நிமித்தத்தையும் பழிப்பரேயன்றிப் புரவலனைப் பழியார் என்று கூறி, ஓரியை அவர் வாழ்த்தவும் செய்கின்றார். இதனைப் பெருந்தன்மை எனப் பாராட்டுவோர் உளர். சார்ந்து வாழ்வோன் புரவலனைப் பழித்தல் இயலாது என்பதே இதன் பொருள் என்பது எமது கருத்து.

வள்ளுவரிடம் அச்சொல் புதியதொரு வரையறையைப் பெறுகின்றது. வறியவர்க்கு அளிப்பதே ஈகை. பிறவெல்லாம் திருப்பிப் பெறும் எதிர்பார்ப்புடையன என்பது 221ஆம் குறளின் கருத்து. இவ்வளவுகோலின்படி, புகழ்பாடிய புலவன் பெற்ற யானையும் பொன்னும் ஈகையாகா; அவை பண்டமாற்றேயாம். 1062ஆம் குறளிலோ, சிலர் இரந்துதான் உயிர்வாழ வேண்டுமாயின் உலகைப் படைத்தவனே அலைந்து கெடுவானாக என வள்ளுவர் சபிக்கின்றார். நிமித்தத்தைப் பழித்த குரல் இங்குப் படைத்தவனையே பழிக்கின்றது. ஆயினும் பொருளுடைமையின் அடித்தளத்தை அது தொடவில்லை.

இன்று 'ஈ' பேச்சுவழக்கில் இல்லை. யாழ்ப்பாணத்தில் 'எனக்குத் தா', 'அவனுக்குக் குடு' என்ற இடவேறுபாடு மட்டும் நிலைத்துள்ளது. உயர்வு தாழ்வு சொல்லினின்று நீங்கிவிட்டதென இதனாற் கருதுதல் தவறாகும். வினையடியிலிருந்த அது விகுதிக்கு இடம்பெயர்ந்துள்ளது. தா, தாரும், தாங்கோ என்பவற்றுள் எதனை எவர் எவரிடம் கூறலாம் என்பதைச் சாதியும் வயதும் உத்தியோகமும் நெடுங்காலம் தீர்மானித்து வந்தன. வயது முதிர்ந்த கூலியாளிடம் நிலவுடைமையாளனின் சிறுவன் 'தா' எனக் கேட்டபோது, அது ஒப்போன் கூற்றாக இருக்கவில்லை.