எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்! - பம்பாய் பிளேக் சொன்ன கதை

வீட்டில் எலி செத்துக் கிடந்தால் இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே எறிவோம். இமயமலை அடிவாரத்துக் கர்வால், குமாவுன் கிராமத்து மக்கள் 19ஆம் நூற்றாண்டில் அப்படிச் செய்யவில்லை. எலிகள் தானாகச் செத்து விழத் தொடங்கினால் வீட்டையே விட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் அனுபவம் இருந்தது.

அந்த அனுபவத்தை யாரும் காதில் வாங்கவில்லை. 1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த இடம் அது. எலிகளுக்குக் கேட்கவா வேண்டும்!

அழுக்கும் கெட்ட காற்றும்தான் காரணம் என்று அரசு நினைத்தது. சாக்கடைகளில் கார்பாலிக் அமிலம் கொட்டினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வெயில் விழட்டும் என்று கூரையைப் பிரித்தார்கள். 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனாவில் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து சோதனை போட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் அதே ஆண்டு ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். மனிதர்களை விரட்டியதில் காட்டிய வேகத்தை எலி மீது காட்டவில்லை என்பதுதான் வேதனை.

1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். தெள்ளுப்பூச்சி மொய்த்த நோயுற்ற எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொட முடியாதபடி வலை வைத்துப் பிரித்து, ஒரே கண்ணாடி ஜாடிக்குள் வைத்தார். நல்ல எலிக்கும் நோய் தொற்றியது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அடுத்த இரையைத் தேடிக் குதிக்கிறது! பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக நம்பவில்லை.

1905இல் பம்பாயில் வேலையைத் தொடங்கிய பிளேக் ஆய்வுக் குழுதான் இதை உறுதி செய்தது. தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்ட கினிப்பன்றிகளுக்கு நோய் வந்தது. இரண்டு அடி உயரத்தில் இருந்தவை தப்பின. தெள்ளுப்பூச்சியால் அவ்வளவு உயரம் குதிக்க முடியாது. கெட்ட காற்றுக் கதை அத்தோடு முடிந்தது.

பருவத்தின் கணக்கும் அப்போதுதான் புரிந்தது. பம்பாயில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை எலிகள் மீது தெள்ளுப்பூச்சி பெருகும், பிளேக்கும் உச்சத்துக்குப் போகும். ஜூன் வாக்கில் அடங்கும். எலிகளிடையே நோய் உச்சம் தொட்டு 10 முதல் 14 நாட்கள் கழித்தே மனிதர்களிடையே உச்சம் தொடும். ஆக, நோயாளி விழுந்த பிறகு சுவரைக் கழுவிப் பயனில்லை. நோய் அடங்கியிருக்கும் மாதங்களிலேயே எலியைக் குறைக்க வேண்டும், தானியத்தை அது எட்டாதபடி வைக்க வேண்டும், செத்த எலியை வெறும் கையால் தொடக்கூடாது.

பம்பாய் இவ்வளவு பட்டபோது சென்னையும் கொழும்பும் பெருமளவு தப்பித்தன. கொழும்பில் பணியாற்றிய ஹெர்ஸ்ட் என்ற ஆய்வாளர் அங்கே எலிகள் மீது பெரும்பாலும் இருந்தது வேறு வகைத் தெள்ளுப்பூச்சி என்று கண்டார். சென்னையிலும் அதே வகைதான் அதிகம். பிளேக்கைப் பரப்புவதில் அது சோம்பேறியாம்!