பத்தடிக்குள் ஒரு கார்: மினியின் கதை

போன மாதம் கேன்டீனில் நண்பர்களோடு ஒரு வாக்குவாதம். "பழைய சின்ன கார்தான் அழகு, இப்போ வர்றதெல்லாம் வெறும் பளபளப்பு" என்றேன். "உனக்குக் காரே ஓட்டத் தெரியாது, இதுல பழைய கார் வேறயா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். பழசு என்பதற்காகவே பிடிக்கிறதா, வேறு காரணம் உண்டா? அன்று பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொண்ட கார், பிரிட்டனின் மினி.

கதை தொடங்குவது எகிப்தில். 1956 ஜூலையில் அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது, எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. அந்த டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன்! மக்கள் ஜெர்மன் 'பபுள் கார்'களைத் தேடிப் போனார்கள். முட்டைக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருக்கும் குட்டி வண்டிகள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் லியோனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவற்றை ஓரங்கட்ட, சிறியதாகவும் முழுமையான காராகவும் இருக்கும் ஒன்றைச் செய்யும் வேலையை அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைத்தார்.

இசிகோனிஸ் 1906இல் இன்றைய துருக்கியிலுள்ள ஸ்மிர்னாவில் பிறந்தவர். 1922இல் போர் காரணமாக ஊரை விட்டு வெளியேறிய குடும்பம். இங்கிலாந்தில் பொறியியல் படித்தபோது கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) இலங்கையில் பலருக்கும் பழக்கமான மோரிஸ் மைனரும் இவர் வடிவமைத்ததுதான். அது 1948இல் வந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கு எளிமையானது. காரின் நீளம் பத்தடி. நான்கு பெரியவர்கள் உட்கார வேண்டும், சாமானும் வைக்க வேண்டும். அப்படியானால் இயந்திரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம் இடம்தான். அதனால் வழக்கமாக நீளவாக்கில் இருக்கும் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியிலேயே, எண்ணெய் நிற்கும் தொட்டிக்குள் வைத்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டு தேவையில்லாததால் உள்ளே கால் வைக்க இடம் கிடைத்தது. சக்கரம் வெறும் 10 அங்குலம். அதற்கென்றே டன்லப் தனியாக டயர் செய்தது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். கண்ணாடியை மேலும் கீழும் இறக்கும் பொறி இடத்தைத் தின்னும் என்று, பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடி. அதனால் கதவின் உட்பக்கம் சாமான் வைக்கப் பெரிய பை கிடைத்தது.

1959 ஆகஸ்ட் 26 அன்று மினி வெளிவந்தது. 848 சிசி எஞ்சின், எடை ஏறக்குறைய 600 கிலோ, விலை 500 பவுண்டுக்குள். குறைகளும் இருந்தன. மழை பெய்தால் ஆரம்பகால வண்டிகளில் தரைக்குள் தண்ணீர் வந்தது. ஆனாலும் பீட்டில்ஸ் நால்வர் முதல் சாதாரண எழுத்தர் வரை எல்லோரும் ஓட்டினார்கள். பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் இதன் திறமையைப் பார்த்து 1961இல் மினி கூப்பரை உருவாக்கினார். மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆண்டுகளில் இந்தக் குட்டி வண்டி பெரிய கார்களைத் தோற்கடித்தது. 2000 அக்டோபரில் கடைசி மினி வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 53 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

2001இல் பிஎம்டபிள்யூ அதே பெயரில் புதிய மினியைக் கொண்டுவந்தது. நீளம் 3.63 மீட்டர். பழையது 3.05 மீட்டர்தான். எடை 1,000 கிலோவுக்கு மேல். இன்றைய மூன்று கதவு மினி 3.8 மீட்டரையும் தாண்டிவிட்டது. முகம் அதேதான், வட்ட விளக்குகள் அதேதான். ஆனால் பழையது சின்னதாக இருந்தே ஆக வேண்டிய வண்டி. புதியது சின்ன காரை நினைவுபடுத்தும் வண்டி.

இங்கே நண்பன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டி பெரிதானதற்கு நல்ல காரணமும் உண்டு. 1959 மினியில் சீட் பெல்ட் கிடையாது. ஓட்டுநருக்கு ஏர்பேக் வந்ததே 1996இல்தான். மோதலைத் தாங்கி நசுங்க முன்னால் இடம் வேண்டும், கதவுக்குள் இரும்பு வேண்டும். அம்மாவை நெடுஞ்சாலையில் எதில் அனுப்புவாய் என்று கேட்டால், யோசிக்காமல் புதியதில் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் பழையதில் என்ன இருக்கிறது? அதில் எதைத் தொட்டாலும் ஒரு காரணம் இருக்கிறது. சக்கரம் ஏன் சிறியது, கண்ணாடி ஏன் பக்கவாட்டில் போகிறது என்று ஒரு குழந்தை கேட்டால் பதில் சொல்லலாம். எல்லாப் பதிலும் "உள்ளே இருப்பவர்களுக்கு இடம் வேண்டும்" என்பதில்தான் போய் முடியும். எனக்குப் பிடித்தது பழமை இல்லை, அந்தக் கணக்கு.

அந்தக் கணக்கு வீணாகவில்லை. கியர்பாக்ஸை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து இத்தாலியின் ஃபியட் பொறியாளர் டான்டே ஜியகோசா அதை இன்னும் செம்மையாக்கினார். 1983இல் வந்த மாருதி 800இலும் குறுக்கு எஞ்சின், முன்சக்கர இழுவைதான். எங்கள் தெருவில் இன்னும் ஒன்று நிற்கிறது. தெருவின் அகலம் அன்று இருந்ததுதான். ஆனால் இப்போது இரண்டு புதுக் கார்கள் எதிரெதிரே வந்தால், ஒன்று தெருமுனை வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டிலும் ஆளுக்கு ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நண்பனுக்கு என் பதில் இதுதான். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எந்தப் பக்கம்?