பள்ளத்தில் வைத்த சேரி

புயல் வந்தால் 'ஆத்தா கோபம்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், இப்போது 'பருவநிலை மாற்றம்' என்கிறார்கள். மந்திரி சொல்கிறார், கலெக்டர் சொல்கிறார், தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர் சொல்கிறார. சொல்வது பொய்யில்லை. ஆனால் ஆத்தாமேல் பழியைப் போட்டபோது யாரெல்லாம் தப்பித்துக்கொண்டார்களோ, அவர்களேதான் இப்போதும் தப்பித்துக்கொள்கிறார்கள். அதனால் இதை நாம் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் விஞ்ஞானத்தைப் பார்த்துவிடலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிடித்ததைக் கொட்டித்தானே ஆகவேண்டும்? 1951க்கும் 2015க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறிவிட்டது என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. கடல்சூடுதான் புயலுக்குத் தீனி. புயல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வருகிற புயல் சீக்கிரம் வலுக்கும், மழையையும் அதிகம் சுமந்துவரும் என்பது விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. அதற்காக ஒவ்வொரு மழையையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்த ஒரு சர்வதேச விஞ்ஞானிகள் குழு, புவிவெப்பத்தின் பங்கு அதில் தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் எழுதியது.

வானத்தில் இருக்கும்வரை மழை எல்லாருக்கும் பொது. தரையில் விழுந்தபிறகு தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எங்கே நிற்கும் என்பது நிலத்தின் மட்டத்தைப் பொறுத்த விசயம். அந்த மட்டத்தில் யாரை எங்கே குடிவைத்தார்கள் என்பது சாதியின் விசயம்.

எம்.ஏ. படிக்கும்போது தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைச் சோழரின் நீர்ப்பாசனப் பெருமைக்காகப் படித்தோம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டவை. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது, வரி வராத இடங்களைக் கழித்துச் சொல்கிறார்கள். ஊர்நத்தம் ஒரு பக்கம், கோயில், குளம், வாய்க்கால் ஒரு பக்கம், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு இன்னொரு பக்கம். சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றே இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே ஊரும் சேரியும் தனித்தனி நிலம். சேரி என்ற சொல்லுக்கு ஆதியில் இழிவொன்றும் கிடையாது. உத்திரமேரூரில் பிராமணர் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். அவர்கள் அந்தப் பெயரை உதறிவிட்டுப் போனார்கள், நம்மீது அது ஒட்டிக்கொண்டது. வகுப்பில் வாத்தியார் இதையெல்லாம் தாண்டி ஏரிக்கும் மதகுக்கும் போய்விட்டார்.

ஆற்றுப்படுகை ஊர்களில் நத்தம் பெரும்பாலும் மேடு. மண்ணைக் கொட்டிக் கொட்டித் தலைமுறை தலைமுறையாக உயர்த்தியது. கொட்டியவன் யார் என்று கேட்காதீர்கள். நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. 'கீழ்' என்ற ஒரே சொல் கிழக்கையும் குறிக்கிறது, தாழ்வையும் குறிக்கிறது. தென்பெண்ணைக் கரையில் நான் அறிந்த ஊர்களில் ஊரின் தண்ணீரெல்லாம் வடிகிற வாய்க்கால் சேரியைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

பண்ணையாளுக்கு அந்தப் பள்ளமும் சொந்தமில்லை. குடிசை நிற்கிற மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்கீர் பறையர்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையில் இந்த மனைப் பிரச்சினையையும் எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்ததுதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிற ஒதுக்கீடு. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது தனிக்கதை. 1994இல் காரணையில் அதைக் கேட்கப்போய் இரண்டு பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

குடிசை மனை சொந்தமாவதற்கு 1971வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருசம்தான் குடியிருப்பு மனைகளை, குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. பெரிய வெற்றிதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டம் எந்த இடத்தைக் கொடுத்தது? மிராசுதார் எங்கே குடிவைத்தாரோ அதே இடத்தை. நேற்றுவரை பண்ணையார் இருக்கச்சொன்ன பள்ளம், பட்டா போட்ட பள்ளமாக ஆனது. அதற்கு மேலேதான் தொகுப்பு வீடும் கட்டிக்கொடுத்தார்கள்.

இது புவி சூடானதால் வந்த வினை இல்லை. 1876-78 பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடலில் உண்டான வலுவான எல் நினோதான் அப்போது மழை பொய்க்க முக்கியக் காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். அன்று நிலக்கரிப் புகை வானத்தை இந்த அளவுக்குச் சூடாக்கியிருக்கவில்லை. ஆனாலும் செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரணக் கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமாகக் குறைத்தார். அரைவயிற்றுக்கும் காணாத அதை வாங்கிக்கொண்டு கல் உடைக்கவும் மண் சுமக்கவும் வேண்டும். வானம் பொய்த்தாலும் சரி, கொட்டினாலும் சரி, சாகிற வரிசை மாறவில்லை. இப்போது மாறியிருப்பது அளவு. பழைய மழைக்கு முழங்கால்வரை வந்த தண்ணி, புது மழைக்குக் கூரைக்கு வருகிறது.

2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் சுவர் இடிந்து தலித்துகள் 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று அந்த மக்கள் முன்பே சொன்னதாக அப்போதே செய்திகள் வந்தன. மழைச்சாவு என்று கணக்கெழுதலாம். மழை சுவர் கட்டுமா?

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. இரண்டு நாள் கழித்து நாங்கள் அரிசி மூட்டையோடு போனபோது சேரி சனம் பைபாஸ் ரோட்டில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு கிழவி சொன்னது: "எங்க மாமியா காலத்துல ஆறு மொதல்ல கொல்லைக்கு வரும் தம்பி. அப்புறம் வாசலுக்கு. சட்டி பானைய எடுத்துக்க நேரம் குடுக்கும். இது கண்ண முழிக்கறதுக்குள்ள அடுப்புல நிக்குது." விஞ்ஞானிகள் 'தீவிரம்' என்று எழுதுவதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படிக்கவில்லை. அவர் வீட்டில் போனது அரிசி, ஆடு, பேரப்பிள்ளையின் சாதிச் சான்றிதழ். சான்றிதழ் நனைந்தால் மறுபடி நாம் யார் என்று ஆபீஸ் ஆபீஸாக நிரூபிக்க வேண்டும். (ஊருக்குள் நிரூபிக்கத் தேவையில்லை, அங்கே எல்லாருக்கும் தெரியும்.)

நிவாரணம் வந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். மூழ்கிய பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். நெல்லுக்கான பணம் நிலத்தின் பேரில் வருவது. அந்த நெல்லை நட்டவளுக்கு, அறுக்கக் காத்திருந்தவளுக்கு அறுப்புக்கூலி போனதே, அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. பயிருக்குத்தான் சேதம் உண்டு, கூலிக்குச் சேதமே கிடையாது என்பது இவர்கள் கணக்கு. இதே கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலியில் அறுபது வருசத்துக்கு மேலாகப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எரிக்கிறார்கள். அந்தக் கரண்டில் சேரியில் எத்தனை ஏசி ஓடுகிறது?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மேட்டில் மனை. தார்ப்பாயும் பொட்டலமும் தருகிற இடத்தில் இதைக் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, "மேட்டுல புறம்போக்கே இல்லியேப்பா" என்றார்கள். ஊர்க்கணக்கில் 'அ' பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். களத்துமேடு புறம்போக்கு என்று இருக்கிறது. வெள்ளம் வந்த அன்றைக்கும் அங்கே தண்ணி ஏறவில்லை. அதில் இப்போது யாருடைய நெல் காய்கிறது, யாருடைய டிராக்டர் நிற்கிறது என்பது அந்த அலுவலகத்துக்கும் தெரியும். மறுபடி மனு எழுதியிருக்கிறோம். இந்தமுறை சர்வே எண்ணோடு.